அவர் பதில் சொல்லட்டும்

என் கணவர் தேவராஜுக்கு வாய் கோணியபோது நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். மறைத்துவிட்டு மீதியைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் அவர் கிரேன் ஓட்டுநர். அன்று இரவுப் பணி முடிந்து காலை ஏழு மணிக்கு வந்து நாஷ்டாவுக்கு உட்கார்ந்தார். சட்னி கேட்க வாயெடுத்தவர் ‘பா... பா...’ என்று குழறினார். கையிலிருந்த இட்லி மடியில் விழுந்தது. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது.

“இன்னாய்யா, காலங்காத்தால ஊத்திக்கினு வந்துகிறியா?”

அவர் குடியை விட்டு ஆறு வருடமாகிறது. அது தெரிந்தும் கேட்டேன். கால் மணி நேரம் கத்தித் தீர்த்த பிறகுதான் அவர் முகம் ஒரு பக்கமாக இழுத்திருப்பதைப் பார்த்தேன். இதைப் படிக்கும் உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். திடீரென்று ஒருவருக்கு வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் காரணம் ஆராயாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

எனக்கு அது தோன்றவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏற்றி, அருகிலிருந்த சிறிய மருத்துவமனைக்கு ஓடினேன். மொத்தம் இருபத்துநான்கு கட்டில் உள்ள இடம். மருத்துவர் அம்மா அவரைச் சிரிக்கச் சொன்னார், இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். வலது கை எழவில்லை.

“இது பக்கவாதம்மா (மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டு உடம்பில் ஒரு பக்கம் செயலிழப்பது). எங்ககிட்ட ஸ்கேன் கிடையாது. இங்க ஒரு நிமிஷம்கூட வச்சிருக்கக் கூடாது” என்றார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் சென்னை அரசு மருத்துவமனைக்கு அவரே போன் செய்து விவரம் சொன்னார். கூடவே ஒரு நர்ஸையும் ஏற்றி அனுப்பினார். எங்களைத் தள்ளிவிடுகிறார்கள் என்றுதான் அன்று நினைத்தேன். அந்த அவசரம்தான் என் கணவரைக் காப்பாற்றியது.

சென்னையில் ஒன்பது நாள். உயிர் தப்பியது. வலது கால் இழுத்தது, வலது கை துணிபோலத் தொங்கியது. பேச்சு சுத்தமாக நின்றுபோயிருந்தது. அஃபேசியா (என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்தும் அதற்கான சொல் வாய்க்கு வராமல் போவது) என்றார்கள். புத்தி அப்படியே இருக்கிறது, நாம் பேசுவது அவருக்குப் புரியும், இனி வாரக்கணக்கில் பயிற்சிதான், அதை வீட்டுக்குப் பக்கத்திலேயே செய்யலாம் என்று அனுப்பிவைத்தார்கள்.

மீஞ்சூரில் இருக்கும் என் தம்பி குதித்தான். “இன்னாக்கா, ஸ்கேன்கூட இல்லாத ஆஸ்பத்திரிக்கா மாமாவ இட்டுக்கினு போற? பெரிய எடமா பாக்கலாம்க்கா.” வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரம் என்பதைத் தவிர, பழைய இடத்துக்கே திரும்பிப் போக எனக்கு வேறு காரணமும் இல்லை.

அங்கே நான் அவருடைய வாயாகிப்போனேன். மருத்துவர் ‘வலிக்குதா?’ என்று அவரைக் கேட்பார், பதில் என்னிடமிருந்து வரும். தலையைத் திருப்பினால் தண்ணீர், காலை அசைத்தால் மூத்திரம், கண்ணை மூடினால் விளக்கை அணை. அவர் நினைப்பதற்குள் நான் சொல்லிவிடுவேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் ‘இப்படி ஒரு பொண்டாட்டி அமையணுமே’ என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அவர் நாளுக்கு நாள் சுவர்ப் பக்கமாகவே திரும்பிப் படுத்தார். முதலில் ஏதாவது சொல்ல முயன்றவர், நான்காம் நாள் அதையும் விட்டுவிட்டார். இனி என் பெயரை அவர் வாயால் கேட்கவே மாட்டேனோ என்ற பயம் எனக்குச் சோறு இறங்கவிடவில்லை.

ஐந்தாம் நாள் குமார் பார்க்க வந்தார். ஆலையில் இவரோடு பதினோரு வருடமாக வேலை செய்பவர். கிரேன் உயரத்தில் இருக்கும். இயந்திரச் சத்தத்தில் கீழிருந்து கத்தினால் மேலே கேட்காது. அதனால் கீழே நிற்பவர் கையால் சைகை காட்ட, மேலே இருப்பவர் அதைப் பார்த்துச் சுமையை ஏற்றுவார், இறக்குவார். அப்படிக் கீழே நின்று கை காட்டுபவர்தான் குமார்.

வந்தவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். அந்த நேரம் வார்டு ஆயா, இவரைச் சாய்த்து உட்கார வைக்கக் கட்டிலின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். தலைப்பக்கம் உயர உயர, குமார் பழக்கதோஷத்தில் ஆள்காட்டி விரலை மேலே நீட்டி வட்டமிட்டார். ‘ஏற்று’ என்று அர்த்தமாம். என் கணவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி உள்ளங்கையை விரித்தார். ஆயாவுக்கு ஒன்றும் புரியவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தார்.

“யம்மா, நிறுத்து நிறுத்து! அண்ணன் ஸ்டாப் குடுத்துட்டாரு!” என்று குமார் கத்தினார்.

ஆயா வெலவெலத்துக் கைப்பிடியை விட்டுவிட்டார். என் கணவர் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் விரிந்தது, ஆனாலும் முழுச் சிரிப்பு. குமார் அழுதுவிட்டார்.

சத்தம் கேட்டு லீலா சிஸ்டர் வந்தார். வார்டுக்குப் பொறுப்பான நர்ஸ், பொன்னேரிப் பக்கத்துக்காரர். வாய் சற்றுக் காரம். “இன்னாப்பா அது கையி? எனக்கும் கத்துக்குடு” என்று குமாரிடம் கேட்டார். மருந்து வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து ஏற்று, இறக்கு, நிறுத்து என்று படம் வரைந்து கட்டிலில் கட்டினார். ‘மெதுவாக’ என்பதற்கு மட்டும் இரண்டு கை வேண்டியிருந்தது. என் கணவர் இடது கையால் போர்வையைத் தடவித் தடவி, தானே ஒன்றைக் கண்டுபிடித்தார். அதையும் சிஸ்டர் வரைந்துகொண்டார்.

இரண்டு நாளில் ஆயா, நர்ஸுகள், உடற்பயிற்சி கொடுப்பவர் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. ரத்தம் எடுக்க வந்தாலும், நடக்க வைத்தாலும், அவர் கையை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். நான் மட்டும் அந்த அட்டையைக் கவனிக்கவில்லை. எனக்குத்தான் அவர் சொல்லாமலே எல்லாம் தெரியுமே!

வியாழக்கிழமைகளில் மட்டும் சென்னையிலிருந்து மின்சார ரயிலில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஓர் இளம்பெண் வருவார். முதல் நாள், டம்ளர் படத்தைக் காட்டி “இது என்ன சார்?” என்று இவரைக் கேட்டார். “டம்ளர்” என்றேன் நான். சாவிப் படத்தைக் காட்டினார். “சாவி” என்றேன். அந்தப் பெண் அட்டைகளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“அம்மா, உங்களுக்குப் பேச்சு நல்லாவே வருது. பயிற்சி சாருக்குத்தான்.”

பிறகு என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போனார். “காலையிலேருந்து பாக்கறேன், இங்க எல்லாரும் அவர் கை அசையற வரைக்கும் காத்திருக்காங்க. நீங்க மட்டும் அவர் யோசிக்கறதுக்கு முன்னாடியே பதில் சொல்லிடறீங்க. அப்புறம் அவர் எதுக்குப் பேசணும்? ஏதாவது கேட்டா மனசுக்குள்ள இருபது எண்ணுங்க. அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க.”

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறிவிட்டது. இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு, கல்யாணம்கூட ஆகாத பெண் பாடம் எடுப்பதா? குளியலறையில் போய் அழுதேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று லீலா சிஸ்டரிடம் முறையிட்டேன்.

“அந்தப் பொண்ணு சொன்னது கரெக்டுதாம்மா. அவுரு வாயத் தொறக்கறதவுட நீ வாய மூடறதுதான் பேஜாரு” என்றார் அவர். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

இருபது எண்ணுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை என்று நினைப்பீர்கள். எதிரே உங்கள் மனிதர் உதடு துடிக்க, கழுத்து நரம்பு புடைக்கத் திணறிக்கொண்டிருக்கும்போது எண்ணிப் பாருங்கள். துண்டை வாயில் கடித்துக்கொண்டு எண்ணினேன். முதல் மூன்று நாள் ஒன்றுமில்லை. நான்காம் நாள், பதினேழு எண்ணியபோது “தண்... ணி” என்றார். அவசரத்தில் நான் நீட்டிய டம்ளரிலிருந்து பாதித் தண்ணீர் அவர் சட்டையில் போனது. ஆயா எதிர்க் கட்டிலருகே நின்று கை தட்டினார்.

அதன் பிறகு நாளுக்கு ஒன்றிரண்டு சொல் வந்தது. ‘வேணும்’ என்பதைவிட ‘வேணாம்’ சீக்கிரம் வந்தது. அதில் முதல் அடி என் உப்புமாவுக்கு. இத்தனை வருடமும் அவருக்கு அது பிடிக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மருத்துவமனையில் குறை இல்லாமல் இல்லை. கழிவறை வார்டின் கடைசிக் கோடியில் இருக்கிறது, மின்விசிறி பேச்சை மீறிக் கத்தும், வியாழனைத் தவிர மற்ற நாளில் பேச்சுப் பயிற்சிக்கு ஆள் கிடையாது. ஆனால் அங்கே என் கணவர் ஒரு நாளும் வெறும் கட்டில் எண்ணாக இருக்கவில்லை. நான்கு வாரம் கழித்து, கைத்தடி ஊன்றித் தன் காலால் நடந்து வெளியே வந்தார்.

வீட்டில் இப்போது எல்லாம் நிதானம். ஒரு வேளைச் சாப்பாடு ஒரு மணி நேரம். முன்பு நாளில் பத்து வேலை முடிப்பேன், இப்போது ஆறு முடிந்தால் போதும் என்றிருக்கிறது. சட்டைப் பொத்தானை இடது கையால் அவரே போட்டு முடிக்கும்வரை வாசலில் நிற்கப் பழகிவிட்டேன்.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்குப் போனோம். வெளியே நல்ல கூட்டம். மருத்துவர் அம்மா என்னைப் பார்க்காமல் நேராக அவரைக் கேட்டார். “தேவராஜ், என்ன கஷ்டம் இருக்கு? நீங்களே சொல்லுங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டேன். இருபது தாண்டியது, நாற்பது தாண்டியது. மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

“எனக்கு... ஒண்ணும்... இல்ல” என்றார். மூச்சு வாங்கினார். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, “அவ... தூங்கறதே... இல்ல” என்றார்.

பேச்சு நின்ற பிறகு அவர் சேர்த்துச் சொன்ன மிக நீண்ட வாக்கியம் அதுதான். அதை அவர் தனக்காகச் செலவழிக்கவில்லை.

மருத்துவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை என் கையில் சுற்றி ஒரு முறை பார்த்தார். முகம் மாறியது. மறுபடி ஒரு முறை பார்த்தார்.

“உங்களுக்கு என்னம்மா செய்யுது?” என்றார்.

மூன்று மாதமாக இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. எனக்காக என் கணவர் சொல்லிவிடுவார் என்று திரும்பிப் பார்த்தேன். அவரோ என் வாயையே பார்த்தபடி, எந்த அவசரமும் இல்லாமல் காத்திருந்தார்.