நீல டிரம்முக்கு நஸீரா சொன்ன பதில்

நஸீராவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என் அசட்டுத்தனத்தைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. எழுதித் தொலைக்கிறேன்.

அவள் தாராவியில் தோல் பை தைக்கிறவள். நான் மாட்டுங்காவிலிருந்து இன்சூரன்ஸ் ஆபீசுக்கு ரயில் பிடிக்கிறவள். இருவரும் தபால் வழியில் பி.ஏ. தமிழ் படித்தோம், நான் பொழுதுபோக்குக்கு, அவள் பிழைப்புக்கு. பட்டறையில் பகலெல்லாம் இந்தி பேசிப் பேசி, தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நாவல் பாடத்தின் வாய்மொழித் தேர்வில் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தாள். இது மூன்றாவது, கடைசி. தேறினால் கோவண்டியில் ஒரு பள்ளியில் தமிழ் டீச்சர் வேலை காத்திருந்தது.

பாடமாக வைத்திருந்த நாவலில் ஒருத்தி குழாயடி வரிசையில் நீல டிரம்மை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். திரும்பினாளா என்று சொல்லாமலே கதை முடிகிறது. கடைசிப் பக்கத்தில் காலி டிரம் மட்டும் வரிசையில் நிற்கிறது.

"டிரம் எதன் குறியீடுன்னு தேர்வுல கேட்பா. வெறுமைன்னு சொல்லிடு. நோட்ஸ்ல அப்படித்தான் இருக்கு" என்றேன்.

"எனக்கு அப்படித் தோணலியே, ஷ்யாமளாக்கா."

"உனக்குத் தோணறதை யாரு கேட்டா? பாஸாகற வழியைப் பாரு!"

பாவம், தலையாட்டினாள்.

தேர்வு அறையில் அடுத்த ஆள் பின் நாற்காலியில் காத்திருக்க வேண்டும். அடுத்த ஆள் நான். தேர்வாளர் வெங்கடராமன் சார் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

"வெறுமை..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.

"இல்ல சார். எங்க சந்துல டிரம்ம வரிசையில வச்சிட்டுப் போனா, ஆளே நிக்கிற மாதிரி. ஒருத்தரும் தள்ளி வைக்க மாட்டாவ. முன்னால உள்ளவங்க தண்ணி புடிச்சிட்டுப் போகப் போக, பின்னால உள்ளவங்க அதையும் சேத்து நவுத்துவாவ. நான் பிரசவத்துக்குப் போயிருந்தப்ப என் டிரம்ம நவுத்தி, ரொப்பி, வாசல்ல வச்சிருந்தாவ."

"சரிம்மா, நாவலுக்கு வாங்க."

"வாரேன் சார். அவ ஆஸ்பத்திரிக்குப் போகையில டிரம் ஒம்பதாவது. கடைசிப் பக்கத்துல மூணாவது. காலி டிரம் தானா நடக்குமா? யாரோ நவுத்திருக்காவ. அவ வருவான்னு சந்தே நம்புது."

சார் புத்தகத்தைப் புரட்டினார். முன்னே போனார், பின்னே வந்தார். விரலை வைத்து எண்ணினார்.

"எட்டு வருஷமா இதை நடத்தறேன். இதைப் பார்க்கவே இல்லையே!" என்றார்.

நானும் மூன்று தடவை படித்தவள்தான். சந்தோஷமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. மறைப்பானேன்?

அடுத்து என்னைக் கூப்பிட்டு அதையே கேட்டார். "நஸீரா சொன்னதுதான் சார். நான் வேற சொல்லிக் கொடுத்தேன், நல்லவேளை அவ கேட்கலை" என்றேன். இருவரும் தேறினோம். மார்க் அவளுக்குத்தான் அதிகம்.

ஜூனில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் சாயங்காலமே போன் செய்தாள்.

"பாடம் நடத்தினியா?"

"நடத்தினேன்க்கா. ஒரு கதை வாசிச்சேன். உங்களுக்கு என்ன தோணுதுன்னுதான் மொதல்ல கேட்டேன். பெல் அடிச்சும் புள்ளைங்க எந்திரிக்கல."