பெட்டி மடிப்பில் எழுதிய விலை

கடைத்தெருவில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஒரிஜினல்' என்றால் போதும், சின்னப் பிள்ளைகூட கடையைக் காட்டிவிடும். உதிரி பாகக் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் அந்தத் தெருவில், எட்டடி அகலக் கடை ஒன்றை இருபத்தெட்டு வருடமாக நடத்துகிறவர். ஓடுகிற கார்களுக்குப் பாகம் விற்க அங்கே முப்பது பேர் இருக்கிறார்கள். கம்பெனியே தயாரிப்பதை நிறுத்திவிட்ட, இரண்டே கதவும் நீண்ட மூக்கும் கொண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு வேண்டுமென்றால் இவரிடம்தான் வந்தாக வேண்டும். போலிச் சரக்கு கைக்கு வந்த நொடியில் தெரிந்துவிடும். பாகத்தின் மேலிருக்கும் எண் வார்ப்பிலேயே புடைத்திருக்கிறதா, அப்புறம் வெட்டிச் சேர்த்ததா என்று கட்டைவிரலால் தடவுவார். ரப்பரை மோந்து பார்ப்பார். "டூப்ளிகேட்டு, எடுத்துட்டுப் போங்க" என்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

சரக்கில் அத்தனை சுத்தம். விலையில் எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த மாதிரிப் பாகங்களுக்கு ஊரறிந்த விலை என்று ஒன்று இல்லை. வருகிறவரின் செருப்பு, கைக்கடிகாரம், "எங்கயும் கிடைக்கலைங்க" என்று அவரே வாய்தவறி உளறிவிடும் அந்த ஒரு வார்த்தை, இதையெல்லாம் பார்த்துத்தான் விலை. தான் வாங்கின விலை மறக்காமலிருக்கப் பெட்டி மூடியின் உள்மடிப்பில் பென்சிலால் நாலைந்து எழுத்து கிறுக்கி வைப்பார். பத்து எண்ணுக்குப் பத்து எழுத்து. வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே நீட்டினாலும் அவருக்கு ஒரு மண்ணும் விளங்காது.

விளங்குகிற இன்னொரு ஆள் அவருடைய மகள். எட்டாவது படிக்கும்போது, சாயங்காலம் கடையில் வந்து உட்காருவாள். பில்லையும் பெட்டியையும் ஒத்துப் பார்த்து ஒரே மாதத்தில் தானாகவே பிடித்துவிட்டாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கல்யாணப் பேச்சின்போதுகூட, "என் பொண்ணுக்கு எங்க கடை எழுத்தெல்லாம் அத்துப்படி" என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிக்கொண்டார். சும்மா இருந்திருக்கலாம்.

அந்த மாப்பிள்ளையின் அப்பா, அதாவது சம்பந்தி, கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏலத்தில் கழித்துக்கட்டின ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வைத்து, ஆறு வருடமாக அதன் வயிற்றுக்குள்ளேயே குடியிருந்தார். கல்யாணத்துக்கு ஒரு குண்டூசிகூடக் கேட்காத மனிதர். மருமகளை "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். அவர் ஒருநாள் போன் செய்தார்.

"சம்பந்தி, வண்டி கிளம்ப எல்லாம் ரெடி. வாட்டர் பம்ப் மட்டும் ஒழுகுது. டூப்ளிகேட் போட மனசு வரலை. எங்கயாவது கிடைக்குமா?"

"நீங்க கவலைய விடுங்க. அது என் பொறுப்பு."

பொறுப்பை அவர் ஒழுங்காகத்தான் செய்தார், அதில் பழி சொல்ல முடியாது. மூன்று வாரம் போனும் கையுமாக இருந்தார். இரண்டு இடத்திலிருந்து வந்த படங்களைப் பார்த்த மாத்திரத்தில் போலி என்று தள்ளினார். கடைசியில், என்றோ மூடிப்போன ஒரு டீலரின் கிடங்கில் ஒன்று கிடப்பதாகத் தெரிந்து, ரயிலேறிப் போய், தூசிக்குள் தலையை விட்டு, மெழுகுத்தாள்கூடப் பிரிக்காத பம்பை எடுத்துக்கொண்டு வந்தார். பேரம் பேசிப் பதினெட்டாயிரத்துக்கு முடித்தார். திரும்பும் ரயிலிலேயே வழக்கம்போல மடிப்பில் எழுதிவிட்டார்.

மறுநாள் சம்பந்தி கடைக்கே வந்துவிட்டார். பம்பைக் குழந்தையைப் போல வாங்கிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு ஆச்சு?" என்றார்.

"இருபத்தாறு."

நம்புங்கள், அவர் யோசித்துச் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருடமாக அந்தக் கேள்விக்கு அந்த வாய் உண்மையைச் சொன்னதே கிடையாது. அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது. ஆனால் சம்பந்தி விடவில்லை.

"அது வாங்கின விலைதானே? உங்க அலைச்சலுக்கு ஒண்ணும் சேக்கலையே?"

"நல்லா இருக்கே. உங்ககிட்ட லாபம் வைப்பேனா? அடக்க விலைதான்."

இதற்கு வாயைக் குறை சொல்ல முடியாது. இதை அவர் தெரிந்தேதான் சொன்னார். சொன்ன விலையைக் குறைத்தால் அசிங்கம் என்று பட்டது. அந்த அசிங்கத்துக்குப் பயந்து பெரிய அசிங்கத்தில் காலை விட்டார்.

பணத்தை வாங்கிக்கொண்டு பெட்டியைக் கட்டும்போது மடிப்பிலிருந்த பென்சில் எழுத்து கண்ணில் பட்டது. ரப்பரை எடுத்தார். அழித்த தடம் இருந்தால் பெட்டியைப் பிரித்துச் சரக்கை மாற்றினது போலத் தெரியும், ஒரிஜினல் மேலேயே சந்தேகம் வரும். யார் இதைப் படிக்கப் போகிறார்கள் என்று ரப்பரைப் போட்டுவிட்டார். பெற்ற மகள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள் என்பது ஒரு கணம் மறந்தே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை எஞ்சினைக் கிளப்பப் போகிறோம் என்று அழைப்பு வந்தது. மனைவியோடு போனார். கொட்டகைக்குள் போனால், பம்ப் வந்த காலிப் பெட்டியைச் சம்பந்தி அலமாரியில் ஜெயித்த கோப்பை மாதிரி நிறுத்தி வைத்திருக்கிறார், மூடியைத் திறந்தபடி.

"சம்பந்தி, உள்ள என்னமோ எழுதியிருக்கே, என்ன அது?"

"அது சும்மா... கடைக் கணக்கு."

"ஓ, அந்த எழுத்தா? அம்மா, இங்க வா. உனக்கு இதெல்லாம் அத்துப்படின்னு உங்க அப்பா சொன்னாரே. படி, கேப்போம்."

காபித் தட்டை மேசையில் வைத்துவிட்டு மகள் பெட்டியைக் கையில் வாங்கினாள். வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். இவர் முகத்தில் ஈயாடவில்லை. ஓடி ஒளியலாமென்றால் கொட்டகைக்கு ஒரே வாசல், அதில் மனைவி நிற்கிறாள். மகள் மாமனாரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை.

"எவ்வளவுக்கு வாங்கினதா சொன்னாரு, மாமா?"

"இருபத்தாறு."

"அதுதான் போட்டிருக்கு. இருபத்தாறு."

சம்பந்தி இவர் தோளில் தட்டினார். "மூணு வாரம் அலைஞ்சு ஒரு காசு எடுக்கலை. இந்தக் காலத்துல யாரு இருக்கா இப்படி? இனிமே நீங்க எனக்கு விலையே சொல்ல வேணாம் சம்பந்தி. பெட்டியை அனுப்புங்க, அம்மா படிச்சுச் சொன்னா அந்த விலையை நான் கொடுத்துடறேன்."

எஞ்சின் கிளம்பியது. எல்லோரும் கை தட்டினார்கள். இவரும் தட்டினார். அவமானம் பிடுங்கித் தின்றது. ஒருவர் நம்மைத் திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். புகழ்ந்தால் என்ன செய்வது, நின்று வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கிளம்புவதற்கு முன் சமையலறையில் மகள் தனியாக இருப்பதைப் பார்த்து, உள்ளே போய், சட்டைப்பையிலிருந்து எட்டாயிரத்தை எண்ணி எடுத்தார்.

"இதை எப்படியாவது மாமாகிட்ட..."

"உள்ள வைங்கப்பா."

"தெரியாம வாய்ல வந்துடுச்சும்மா."

"இப்ப நீங்க திருப்பிக் கொடுத்தா நான் பொய் சொன்னது தெரிஞ்சிடும். இந்த வீட்டுல நான் சொன்ன முதல் பொய் இது." அவள் தட்டுகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை. "போய் அம்மாவைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க."

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி இரண்டு தடவை என்னவென்று கேட்டாள். மூன்றாவது தடவை சொல்லிவிட்டார்.

"எட்டாயிரத்துக்கா அவளைப் பொய் சொல்ல வச்சீங்க?"

ஒரு வாரத்துக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. கடையில் "ஒரிஜினல் அண்ணே" என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அடுத்த போன். பானெட்டுக்குள் மடங்கியிருக்கிற முன் விளக்கு மேலே எழும்பவில்லையாம், அதைத் தூக்குகிற மோட்டார் வேண்டுமாம். தேடிப் பிடித்தார். பதினோராயிரத்துக்குக் கிடைத்தது. பென்சிலைக் கையில் எடுத்தவர் வெகுநேரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டாயிரத்தைக் கழித்து, மூன்று என்று எழுதிவிட்டால் கடன் தீர்ந்துபோகும். ஆனால் அதுவும் அவள் வாயால் சொல்லப்போகிற இன்னொரு பொய்தானே என்று தோன்றியது. வாங்கின விலையை, பதினொன்று என்றே, நிறுத்தி நிதானமாக எழுதினார். சம்பந்தி வீட்டுக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். மனசு கொஞ்சம் லேசானது மாதிரி இருந்தது.

மத்தியானம் மகள் போன் செய்தாள். தணிந்த குரலில் பேசினாள்.

"அப்பா, பெட்டி வந்துடுச்சு. மாமா பர்ஸை எடுத்துக்கிட்டு வராரு."

"சரிம்மா."

"எழுதியிருக்கிறதையே படிக்கட்டுமா? இல்ல, வேற ஏதாவது சொல்லணுமா?"

குத்திக் காட்டுகிற குரலாக இருந்தால்கூடத் தேவலை. அவள் நிஜமாகவே கேட்டாள், தெரிந்துகொள்வதற்காக. கடையில் இரண்டு பேர் விலைக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"எழுதியிருக்கிறதையே படிம்மா."

"சரிப்பா" என்றாள். அவர் மனசு மாறி வேறு விலை சொன்னாலும் சொல்வார் என்று இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் போனை வைத்தாள்.