வெள்ளச்சியின் ஆறு குட்டிகள்

பிறந்து ஒரு நாளான முயல்குட்டியைக் கையில் எடுத்தால் முதலில் தெரிவது அதன் சூடுதான். மயிர் முளைக்காத ரோஜா நிறத் தோல், ஒட்டிக் கிடக்கும் கண்கள், குடித்த பால் வயிற்றுத் தோல் வழியாக வெள்ளையாகத் தெரியும். உள்ளங்கையில் அது துடிக்கும்போது நம் கைதான் துடிக்கிறதோ என்று தோன்றும். எனக்கு அப்போது பத்து வயது. நான் அதைத் தொட்டிருக்கவே கூடாது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. கூடத்தில் அப்பாவின் தறி. பத்தாவது படித்துக்கொண்டிருந்த அண்ணன், கூரத்தில் முயல் வளர்க்கும் ஒருவரிடமிருந்து ஒரு ஜோடி வாங்கிவந்து, கொல்லையில் பலகைக் கூண்டு அடித்து வைத்தார். பெண் முயலுக்கு நான் 'வெள்ளச்சி' என்று பெயர் வைத்தேன். அது சினையாகி ஒரு மாதம் கழித்து, ஒரு மார்கழிக் காலையில், வைக்கோல் போட்டு வைத்திருந்த மரப்பெட்டியில் ஆறு குட்டிகள் நெளிந்துகொண்டிருந்தன.

தாய் முயல் தன் மார்பு மயிரைத் தானே பிடுங்கிக் குட்டிகளுக்கு மெத்தை போடும் என்று கூரத்துக்காரர் சொல்லியிருந்தார். தலைச்சன் ஈற்று என்பதாலோ என்னவோ, வெள்ளச்சி ஒரு கைப்பிடி மயிர்கூடப் பிடுங்கவில்லை. குட்டிகள் ஒன்றன் அடியில் ஒன்று புகுந்து நடுங்கின. அம்மாவோ கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "யாரும் கைய வெக்காதீங்க. மனுச வாட பட்டா தாயி கிட்டயே சேக்காது."

எங்கள் வீட்டில் குழந்தைக்கு இதமாக ஏதாவது வேண்டுமென்றால் பட்டுதான் நினைவுக்கு வரும். தறியில் அறுந்து மிஞ்சும் இழைகளை, நாங்கள் 'வேஸ்டு' என்போம், ஒரு டின்னில் சேர்த்து வைப்பார்கள். கைக்குழந்தையின் தலையணைக்குள் அம்மா அடைப்பதும் அதைத்தான். நான் தலைவைத்துப் படுத்ததும் அப்படி ஒரு தலையணையில்தான். மறுநாள் மாலை யாரும் இல்லாத நேரத்தில் டின்னிலிருந்து இரண்டு கை நிறைய அள்ளி, அரக்கும் மஞ்சளும் கிளிப்பச்சையுமாகப் பெட்டியில் பரப்பி, குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அதன் நடுவில் விட்டேன். நடுக்கம் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

காலையில் அம்மா வாசல் தெளிக்கப் போன சமயம் பார்த்து மூடியைத் திறந்தேன். ஒரு குட்டி கழுத்தில் இழை சுற்றி விறைத்துக் கிடந்தது. இன்னொன்றுக்குப் பின்னங்கால் கருநீலமாகிப் பாதி இல்லை. இழையிலிருந்து விடுவிக்க வெள்ளச்சி கடித்திருக்கிறது, அதன் வாய் மயிரில் ரத்தம். பட்டு இழை மெல்லியது, ஆனால் அறாது. தறி வீட்டில் பிறந்த எனக்கு அது தெரியாதா என்ன? தலையணை உறைக்குள் அடைபட்ட பட்டுக்கும், கண் திறக்காத உயிர்கள் நெளியும் பெட்டியில் உதிரியாகக் கிடக்கும் பட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தெரியவில்லை. அப்பாவின் கத்திரியை எடுத்துவந்து, கண்ணில் பட்ட இழையையெல்லாம் வெட்டி எடுத்துப் பாவாடையில் சுருட்டிக்கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டேன். அப்பாவுக்குக் கோபம் வந்தால் கையில் கிடைப்பதை எடுத்து அடிப்பார்.

அம்மா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "பாவி, பெத்ததையே கடிச்சுத் தின்னுக்கினு இருக்குது!" அண்ணன் செத்த குட்டியை முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு, கூரத்துக்காரரைக் கூட்டிவரச் சைக்கிளில் போனார்.

கூரத்துக்காரர் வந்ததும் கால் போன குட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கால்ல இன்னாமோ சுத்தின கோடு தெரியுதேம்மா. கயிறு கியிறு எதுனா போட்டீங்களா?"

"நாங்க ஏன்பா கயிறு போடறோம்?"

"முயலுக்குத் தறியா போட்டுக் குடுக்கப் போறோம்?" என்றார் அண்ணன். அவர் மட்டும்தான் சிரித்தார்.

கூரத்துக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியாம்மா, அது கடிச்சத?"

நூல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெள்ளச்சி கூண்டிலேயே இருந்திருக்கும், மிச்சம் ஐந்தும் பால் குடித்திருக்கும். யாராவது நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டால் எனக்கு அன்றும் வாய் வராது, இன்றும் வராது. தரையைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப இது ஆவாதும்மா. ருசி கண்டா மிச்சத்தையும் உடாது. கறிக்குத் தள்ளிட்டு வேற ஒண்ணு தரேன். குட்டிங்களுக்குப் பசும்பால் ஊத்திப் பாருங்க." காதைப் பிடித்துத் தூக்கிச் சாக்குப் பையில் போட்டு, தன் சைக்கிளில் மாட்டினார். வெள்ளச்சி கத்தவில்லை. பையின் அடிப்பக்கம் மட்டும் உதைபட்டுக்கொண்டே இருந்தது. கூடத்தில் அப்பாவின் தறி ஓடிக்கொண்டிருந்தது.

பேனாவுக்கு மை போடும் இங்க் ஃபில்லரைக் கழுவி, வெதுவெதுப்பான பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. பால் மூக்கு வழியாக வந்தது. கால் போன குட்டி அன்று மாலையே செத்துப்போனது. வயிறு உப்பி இரண்டு, பிறகு ஒன்று. நான்காம் நாள் கடைசிக் குட்டியின் சூடு என் உள்ளங்கையிலேயே மெல்ல மெல்லக் குறைந்தது.

இப்போது அந்தக் கொல்லை இல்லை. முருங்கை மரம் நின்ற இடத்தில் குளியலறை கட்டி ஓடு பதித்தாகிவிட்டது. அப்பா, அம்மா இருவரும் போய்விட்டார்கள். கூரத்துக்காரர் என்ன ஆனாரோ தெரியாது. போன மாதம் ஓரிக்கையில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவருடைய பேத்தி முயல் வேண்டும் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே அனுப்பிவிட்டு, நாற்பது வருடம் கழித்து, அண்ணனிடம் சொன்னேன், வெள்ளச்சி கடித்துத் தின்னவில்லை, பட்டைப் போட்டது நான் என்று.

அண்ணன் ஆச்சரியப்படவில்லை. "தெரியும்டி. புதைக்கறப்பவே பாத்தேன். கழுத்து மடிப்புல பச்ச இழ ஒண்ணு இருந்துச்சு."

"ஏண்ணா அப்பவே சொல்லல?"

"அப்பா உன்ன கொன்னுடுவாரேன்னு இருந்துச்சு. அப்பறம், நீயா சொல்லுவேன்னு பாத்துக்கினே இருந்தேன்," என்றார். "அந்தாளு சைக்கிள எடுக்கற வரைக்கும்."