மெமரிக்கு வெச்ச பொட்டு

மட்டாஞ்சேரி செர்லாயில, சுக்கு மூட்டை அடுக்கற கோடவுனுக்கு மேல ரெண்டு ரூம். அதுல குடியிருக்கற கனகாம்பாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுசா எது படியேறி வந்தாலும் சுவாமி முன்னாடி ஒரு நிமிஷம் உக்காரணும், சந்தனத்துல ஒரு பொட்டு வாங்கிக்கணும், அப்புறந்தான் வேலைக்குப் போகணும். மிக்ஸி வாங்கிண்டுது. குடை வாங்கிண்டுது. கேஸ் சிலிண்டர் ஒவ்வொரு தடவையும் வாங்கிக்கறது. தடுப்பூசி சர்டிபிகேட் கூட பொட்டோடதான் பீரோவுக்குள்ள போச்சு.

புருஷன் சங்கர்ராமுக்குக் கேலி பண்ண இது போறாதா? மூக்கால பேசற மனுஷர் அவர். "அடியே கனகம், அந்த ஸ்விட்ச் போர்டு பாவம், மொட்டையா நிக்கறது. ஒரு பூணூலாவது போட்டு விடேன்." ஆத்துக்கு யார் வந்தாலும் முதல்ல இந்தக் கதைதான், அப்புறந்தான் காப்பி. கனகம் கூடச் சேர்ந்து சிரிச்சுடுவா. ஆனா வரவர, அவர் குளிக்கப் போற நேரமாப் பார்த்துப் பொட்டு வெக்கப் பழகிண்டா.

அவளுக்கு வெலிங்டன் தீவுல ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல வேலை. கப்பல் ஏறற சரக்குக்கு கஸ்டம்ஸ் பேப்பர் தயார் பண்ணணும். பத்தொம்பது வருஷமா ஏலக்காயும் மஞ்சளும் கயிறும் அவ விரல் வழியாத்தான் கடல் தாண்டிப் போயிருக்கு. கொரோனாவுக்கு அப்புறம் ஆத்துலேர்ந்தே பண்ணறா, நாளைக்கு பன்னெண்டு பேப்பர். இப்ப ஆபீஸ்ல புது ப்ரோக்ராம் போட்டுட்டா. அவ பழைய கம்ப்யூட்டர் அதத் தூக்க முடியாம மூச்சு வாங்கித்து.

மேனேஜர் பாண்டித்துரை தூத்துக்குடிக்காரர். ஃபோன எடுத்தா ஹலோ கிலோ எல்லாம் கிடையாது. "எம்மா கனகா மேடம், மெமரிய கூட்டிப் போடுங்கன்னு எத்தன மட்டம் சொல்லுதேன்? சனிக்கிழம ஒரு சுக்கு கண்டெய்னர் இருக்கு. ரெண்டு மணிக்குள்ள பேப்பர் ஏறணும். உங்களால ஆவலன்னா திருப்பூணித்துறையில அம்ருதான்னு ஒரு பிள்ள, மடியில லேப்டாப்ப வச்சிக்கிட்டு சடசடன்னு அடிக்கா. மொதலாளி மொத்தத்தையும் அவ கையில குடுத்துருவாரு. பொறவு என்னயக் குத்தம் சொல்லப்படாது."

வெள்ளிக்கிழமையே மெமரி வந்துடுத்து. விரல் நீளத்துக்கு ரெண்டு பச்சைத் தகடு, அடியில வரிசையாத் தங்கப் பல்லு. சனிக்கிழமை காலம்பற சங்கர்ராம் குளிக்கப் போனார். கனகம் ரெண்டையும் சுவாமி முன்னாடி வெச்சா. எங்க வெக்கறது பொட்டு? பச்சையெல்லாம் கருப்புக் கருப்பாப் பூச்சி ஒட்டினாப்ல இருந்தது. தங்கம் மட்டுந்தான் லட்சணமா இருந்தது. அங்கயே ஒண்ணு வெச்சா. ஒருத்தனுக்கு வெச்சுட்டு இன்னொருத்தன விட்டா கோவிச்சுக்க மாட்டானோ? அவனுக்கும் ஒண்ணு.

பத்து மணிக்கு நாணு வந்தார். அறுபதை நெருங்கற மனுஷர். டி.வி. காலத்துலேர்ந்து அந்தத் தெருவுல எது கெட்டாலும் நாணுதான். குரல் மட்டும் குடத்துக்குள்ளேர்ந்து வராப்ல இருக்கும். "மாமி பேடிக்கண்டா, பயமே வேண்டாம். பத்து நிமிஷம். காப்பி ஆறறதுக்குள்ள கழியும்."

பெட்டியத் திறந்தார். பழைய மெமரிய எடுத்தார். புதுச ரெண்டையும் ரெண்டு பள்ளத்துலயும் வெச்சு அமுக்கினார். பட்டனத் தட்டினார்.

ஃபேன் சுத்தித்து. விளக்கு எரிஞ்சுது. திரை அமாவாசை. உள்ளேர்ந்து மட்டும், "பீ... பீ... பீ..."

"என்ன நாணு, ஆம்புலன்ஸ் வரதா?" பேப்பர் மறைவுலேர்ந்து சங்கர்ராம்.

நாணு எடுத்து மறுபடி சொருகினார். பீ. ஒண்ண மட்டும் போட்டுப் பார்த்தார். பீ. இடம் மாத்தினார். பீ. கடைசியா, நேத்திக்கு வரைக்கும் ஓடிண்டிருந்த பழசையே திரும்பப் போட்டார். அதுக்கும் அதே ஒப்பாரி. அங்கதான் நாணு முகம் மாறித்து.

"பழசுக்கும் சத்தம் போடறதுன்னா போர்டு போயிருக்கும் மாமி. இந்தத் தங்கப் பல்லு உள்ள போய் நேராத் தொடணும். நடுவுல ஒரு தூசி இருந்தாலும் மதி, அது போதும், ஸ்டார்ட் ஆகாது. ஞான் கோணலா அமுக்கிட்டேனோ என்னமோ."

கனகம் சுவாமி முன்னாடி இருந்த சந்தனக் கிண்ணத்தத் திரும்பிப் பார்த்தா. தூசியா? சந்தனம்னா தூசியாட்டமா இருக்கும்? அப்பளத்துக்கு மாவு ஒட்டறாப்ல அப்பிண்டு நின்னிருக்கும். அமுக்கும்போது உதிர்ந்து அந்தப் பள்ளத்துலயே விழுந்திருக்கும். சொல்லணும்னு வாயத் தெறந்தா. சங்கர்ராம் பேப்பர மடிச்சு, கண்ணாடிய நெத்திக்கு ஏத்தி, இவளயே பார்த்துண்டிருந்தார். வாய் தானா மூடிண்டுது.

பதினொன்னரைக்கு பாண்டித்துரை ஃபோன். "மேடம், ஏறிட்டா?"

"மெக்கானிக் பார்த்துண்டிருக்கார் சார். அவர் கையில என்னமோ..." சொல்லி முடிக்கறதுக்குள்ள நாக்கு கசந்துது. நாணுக்குக் கேட்டிருக்கும். நாலடி தள்ளித்தான் உக்காந்திருந்தார்.

அவர் மறுபடி ஸ்க்ரூ டிரைவர எடுத்தார். ஒவ்வொரு வயரா கழட்டினார், மாட்டினார். கரன்ட் வர பெட்டிய மாத்திப் பார்த்தார். பேட்டரிய எடுத்து அஞ்சு நிமிஷம் காத்தாட வெச்சுத் திரும்பப் போட்டார். ஒவ்வொரு தடவையும் பட்டனத் தட்டறதுக்கு முன்னாடி கனகம் கண்ண மூடிண்டா, தானா சரியாப் போயிடாதான்னு. மணி பன்னெண்டே முக்கால். பீ... பீ... பீ...

"நாணு, நீர் இதுக்கு மருந்து குடுக்கறேரா, இல்ல கருமாதி பண்றேரா?"

நாணு ஸ்க்ரூ டிரைவரத் தரையில வெச்சார். "சாமி சிரிச்சுக்கோங்கோ. எனக்கு வலது கண்ணுல புரை. ஆபரேஷன் தள்ளித் தள்ளிப் போறது. வீட்டுல சொல்லல. ஒரு கண்ணால நடத்திடலாம்னு நெனச்சேன். மாமியோட ஜோலிதான் போச்சு. இதோட நிறுத்தினேன். இனி யார் பெட்டியும் தொட மாட்டேன்." பைய எடுத்து ஒவ்வொரு சாமானா உள்ள போட ஆரம்பிச்சார்.

அதுக்கு மேல அவளால முடியல.

"நாணுச்சேட்டா, உங்க கண்ணு இல்ல. நாந்தான். அந்தத் தங்கத்துல சந்தனம் வெச்சேன். ரெண்டுத்துக்கும்."

சங்கர்ராம் சிரிச்சார் பாருங்கோ, கீழ கோடவுன்ல சுமை தூக்கறவா அண்ணாந்து பார்த்திருப்பா. "மெமரிக்குப் பொட்டா! அடியே..."

நாணு சிரிக்கல. "எப்ப தோணித்து மாமி?"

"தூசின்னேளே. அப்பவே."

"அப்ப மணி என்ன?"

அவ கடிகாரத்தப் பார்த்தா. நாணு பையத் திரும்பப் பிரிச்சார். "ஒரு புது டூத் பிரஷ். காயத்துக்கு வெக்கற ஸ்பிரிட். பென்சில் அழிக்கற ரப்பர். சாமி, டார்ச் பிடிக்கணும். எனக்கு உள்ள தெரியாது, மாமிதான் நோக்கணும்."

அவதான் பார்த்தா. பள்ளத்துக்குள்ள வெளிர் மஞ்சளா, பிசிறு பிசிறா, அவ கையாலயே அரைச்ச சந்தனம். பிரஷ ஸ்பிரிட்ல நனைச்சுத் தேய்ச்சா. தங்கப் பல்ல ரப்பரால ஒவ்வொண்ணா துடைச்சா. காய விட்டா. நாணு சொருகறதுக்குப் பதிலா அவ கையில குடுத்து, "ரெண்டு பக்கமும் டக்குனு கேக்கற வரைக்கும் அமுக்கணும்"னார். அமுக்கினா. டக். டக்.

பட்டன். ஒரே ஒரு சின்ன "பீ". திரை வெளுத்துது.

மணி ஒண்ணே முக்கால். கனகம் ஸ்பீக்கரப் போட்டு பாண்டித்துரையக் கூப்பிட்டா. "சார், ரெடி. இதோ ஏத்தறேன்."

"எதுக்கு? அது அப்பவே போயாச்சே மேடம். பன்னெண்டரைக்கு மொதலாளி அம்ருதாகிட்ட குடுக்கச் சொல்லிட்டாரு. அந்தப் பிள்ள இருவது நிமிசத்துல முடிச்சிட்டா." கொஞ்சம் எறங்கின குரல்ல, "மெக்கானிக் சொதப்பிட்டாம்லா? நான் மொதலாளிகிட்ட அப்படித்தான் சொல்லியிருக்கேன். அத அப்படியே வச்சிக்கிடுங்க. உங்களுக்கு நல்லது."

நாணு வயர சுருட்டிண்டிருந்தார். "என் மேலயே சொல்லிக்கோ மாமி"ங்கறாப்ல தலைய ஆட்டினார்.

"இல்ல சார். மெக்கானிக் மேல தப்பு இல்ல. நாந்தான் கெடுத்தேன். பதினொன்னரைக்கே தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

அந்தப் பக்கம் ஏதோ நோட்டுப் புரட்டற சத்தம்.

"சரி. திங்கக்கிழமையில இருந்து உங்களுக்கு ரெண்டு பேப்பர் அனுப்புதேன். ரெண்டுதான். மிச்சம் பத்தும் அம்ருதா பாக்கட்டும். ஆறு மாசம் போவட்டும், பொறவு பாப்போம்."

ஃபோன வெச்சா. சங்கர்ராம் என்னமோ சொல்ல வாயெடுத்தார். நாணு அவரத் திரும்பிப் பார்த்தார். சங்கர்ராம் எழுந்து போய் டார்ச்ச அணைச்சு அலமாரியில வெச்சார்.

கனகம் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தா. புது ப்ரோக்ராமத் திறந்தா. இன்னிக்கு ஏத்த அவளுக்கு ஒண்ணும் இல்லதான். ஆனா எந்தக் கட்டம் எங்க இருக்குன்னு கத்துக்கணுமே, ரெண்டே பேப்பரானாலும்.