ஆயில்ய நட்சத்திரத்துக்கு ஒரு வெடி

இடி இடித்தால் நடுங்குகிற நாயைப் பார்த்துச் சிரிப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான். அதனால் கோபம் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

எங்கள் வீடு கிழக்கேகோட்டைக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில் இருக்கிறது. தெரு முனையில் பகவதி கோயில். அங்கே வெடி வழிபாடு உண்டு. இந்த ஊர்க்காரர்களாக இல்லாதவர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பிள்ளை பாஸாக வேண்டுமா, மகளுக்கு வரன் அமைய வேண்டுமா, தொலைந்த வளையல் கிடைக்க வேண்டுமா, கவுண்டரில் பேரும் நட்சத்திரமும் சொல்லிச் சீட்டு வாங்கினால் போதும். மைக்கில் அதை வாசிப்பார்கள். கோயிலுக்குப் பின்னால் குட்டை இரும்புக் குழாயில் வெடிமருந்தை இடித்து வைத்திருப்பார் ஒருவர். திரியில் நெருப்பு வைத்தால் தெருவில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும். பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது மரத்துவிட்டது. வெடி போட்டால் பேச்சை ஒரு விநாடி நிறுத்துவோம், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடருவோம்.

இந்தத் தெருவுக்குத்தான் என் வீட்டுக்காரர் அந்த நாயைக் கொண்டுவந்தார். வித்துராவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, மலையடிவாரத்துக் கல்லாறில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் காரின் பின்சீட்டில் அது ஏறி உட்கார்ந்திருக்கிறது. இறக்கிவிட்டார். மறுபடி ஏறியது. மறுபடி இறக்கினார். மூன்றாம் தடவை இறக்க மனசு வரவில்லையாம். தவிட்டு நிறம், ஒரு காது மடிந்திருக்கும், பொட்டை நாய். நான் வாசலில் நின்று அவரை நன்றாகத் திட்டித் தீர்த்தேன். அவர் ஒன்றும் பேசாமல் அதற்குத் தண்ணீர் வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய வழி அதுதான்.

மறுநாள் காலை முதல் வெடி போட்டதும் அது என் பழைய மேஜைக்கு அடியில் பாய்ந்து, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. வாயோரம் எச்சில் ஒழுகியது. உடம்பு முழுக்க நடுக்கம். எனக்குச் சிரிப்பு வந்தது. "மலையில இருந்து வந்த சிங்கத்தப் பாருங்க" என்றேன். நாலு நாள் கழித்துச் சிரிப்பு எரிச்சலாக மாறியது. முப்பத்தோரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். பின்பெஞ்சில் பென்சில் உருண்டால் முன்னால் நின்று ஒரு அதட்டல், வகுப்பே அடங்கும். அதே குரலில் மேஜைக்கு அடியில் குனிந்து "வெளிய வா! என்ன நாடகம் இது?" என்று அதட்டினேன். காலைப் பிடித்து இழுத்துக்கூடப் பார்த்தேன். சத்தத்துக்குப் பயந்த ஜீவனைச் சத்தம் போட்டுத் திருத்தப் பார்த்த என் புத்தியை இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஐப்பசி பிறந்தது. அந்த மழையை இங்கே மலையாளத்தில் துலாவர்ஷம் என்பார்கள். காலையில் பளிச்சென்று வெயில் இருக்கும், மூன்று மணிக்கு வானம் இருட்டும், மூன்றரைக்கு இடி. அப்படி ஒரு மத்தியானம் கடைக்குப் போய்விட்டு இரண்டு கையிலும் பையோடு வந்தேன். கேட்டைக் காலால் தள்ளித் திறந்து, சாத்தாமல் படியேறினேன். மின்னலும் இடியும் ஒன்றாக விழுந்தன. வீட்டுக்குள்ளிருந்து அது என் கால்களுக்கு நடுவே பாய்ந்து கேட்டைத் தாண்டியது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். "நில்லுடீ!"

அது ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு இன்னும் வேகமாக ஓடியது. இடிக்குப் பயந்து தெரு வரைக்கும்தான் வந்தது. அங்கிருந்து பஸ் ஸ்டாண்டு ரோட்டுக்கு ஓட வைத்தது என் குரல்தான். யார் என்ன சமாதானம் சொன்னாலும் எனக்கு அது தெரியும்.

நானும் அவரும் மழையில் நனைந்துகொண்டே கோட்டை வாசல் வரைக்கும் தேடினோம். எத்தனை பஸ், எத்தனை ஆட்டோ! ஒவ்வொரு பிரேக் சத்தத்துக்கும் சக்கரத்தடியைக் குனிந்து பார்த்தேன். திரும்பி வரும்போது கோயில் நடை திறந்திருந்தது. ஈரப் புடவையோடு போய் நின்றேன். கை கூப்பியதும் நாக்கு தானாகச் சொல்லிவிட்டது: "அம்மே, அது உயிரோட திரும்பி வந்தா ஒரு வெடி நடத்துறேன்." எங்கள் தெருவில் கஷ்டம் என்றால் வாயில் வருவது அதுதான். யோசித்தா சொல்வார்கள்?

மறுநாள் சாயந்திரம் அது கிடைத்தது. கோட்டைச் சுவரோரம் பூ விற்கிற ஒரு பெண்ணின் வண்டிக்கு அடியில் இருந்தது. அவள் மேலே ஒரு சாக்கைத் தொங்கவிட்டு மறைப்புப் போட்டிருந்தாள். நான் மண்டியிட்டுக் கூப்பிடக் கூப்பிட அது பின்னால் பின்னால் போனது.

"டீச்சரே, விளிக்கண்டா" என்றாள் பூக்காரி, கையில் கட்டுகிற சரத்தை விடாமல். "நீங்க கூப்பிடக் கூப்பிட அது உள்ளதான் போகும். மிண்டாம அங்க இரிங்க. அதப் பாக்கக்கூட வேண்டாம், கேட்டோ. முதுகக் காட்டிட்டு இரிங்க."

கூப்பிடாமல், பேசாமல் இருக்கச் சொன்னாள். எனக்கா இந்தக் கதி என்று நினைத்தபடி ஈரத் தரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். என் மாணவிகள் யாரும் அந்த வழியாக வந்துவிடக் கூடாதே என்பதே கவலை. அவள் ஒரு முழம் கட்டி முடித்து அடுத்த முழம் தொடங்கும்போது என் இடுப்பில் ஈர மூக்கு ஒன்று பட்டது. நான் அழுதேன். வாயை மூடிக்கொண்டு, சத்தம் வராமல் அழுதேன்.

வீட்டுக்கு வந்து அதைத் துடைத்து, சோறு வைத்த பிறகுதான் நேர்ந்துகொண்டது ஞாபகம் வந்தது.

"கோயில்ல ஒண்ணு நேர்ந்துகிட்டேன்" என்றேன்.

"நல்லது. என்ன நேர்ந்தே?"

"வெடி."

அவர் துண்டைக் கீழே வைத்தார். "வேற ஒண்ணுமே ஒனக்குக் கெடைக்கலியா? ஒரு தேங்கா? ஒரு பாயசம்?"

மறுநாள் கவுண்டருக்குப் போய், வெடிக்குப் பதிலாகத் தேங்காய் உடைத்தால் ஆகுமா என்று கேட்டேன். அங்கே இருந்தவர் சின்ன வயதுக்காரர், நிதானமானவர். விஷயம் என்ன என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிடுவார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"நேர்ந்தது நேர்ந்ததுதான் டீச்சரே, மாத்தான் பற்றில்லா" என்றார். "பக்ஷே, எப்போ நடத்தணும்னு நீங்க சொல்லியிட்டில்லல்லோ? அந்த நாய் ரெடியாகட்டு. தேவிக்குத் திருதி ஒண்ணும் இல்லா." அவசரம் அவளுக்கு இல்லை, எனக்குத்தான் இருந்தது. சாமியிடம் வாக்குக் கொடுத்துவிட்டு அதை முடிக்காமல் நடமாடுவது எனக்குக் காலில் முள் குத்தின மாதிரி. ஊரார் போடுகிற வெடிக்கு நான் பொறுப்பில்லை. ஆனால் அதன் பேரையே சொல்லி, என் கையாலேயே சீட்டு வாங்கி, மறுபடி அதைத் தெருவுக்கு ஓட வைப்பேனா? இன்னொரு தடவை ஓடினால் பூக்காரி வண்டி கிடைக்காது, பஸ் சக்கரம்தான். அன்றைக்கே கேட்டுக்குச் சங்கிலியும் பூட்டும் வந்தன.

மிருக டாக்டர் ஒரு இளம்பெண். நான் அதட்டியதையும் இழுத்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். திட்டவில்லை. "பயப்படுறத அது வேணும்னு செய்யல ஆண்ட்டி. மேஜைக்கு அடியில போகுதா, போகட்டும். அது அதோட எடம். வெளிய இழுக்காதீங்க. பக்கத்துல இருங்க, தடவிக் குடுங்க, அதுல தப்பில்ல" என்றாள். இடி மழையின் சத்தத்தைப் போனில் மிக மெதுவாக வைத்து, அப்போது மட்டும் அதற்கு மிகவும் பிடித்த தீனியைக் கொடுக்கச் சொன்னாள். நாள் போகப் போகச் சத்தத்தை ஒரு புள்ளி கூட்ட வேண்டும். பயந்தால் குறைக்க வேண்டும். ரொம்ப மோசமான நாளுக்கு மட்டும் ஒரு மாத்திரை எழுதித் தந்தாள்.

மிகவும் பிடித்த தீனி என்ன என்று கண்டுபிடிப்பதில் வந்தது வினை. நாங்கள் நாஞ்சில் நாட்டுச் சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூட என் வீட்டுக்காரர் முகர்ந்து பார்த்துத் தள்ளி வைப்பார். தயிர்சாதம், பிஸ்கட், நேந்திரம்பழம் எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். போனில் இடி கேட்டதும் அது எதையும் தொடவில்லை. ஒரு நாள் பின்கட்டிலிருந்து ஒரு வாடை வந்தது. போய்ப் பார்த்தால், தனி ஸ்டவ், தனிப் பாத்திரம், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இவர் கோழி ஈரல் வேகவைத்துக்கொண்டிருக்கிறார்!

"ஒண்ணும் பேசாத" என்றார் துண்டுக்குள்ளிருந்து. "பேசினா எனக்கு வாந்தி வரும்."

அறுபத்திரண்டு வயது வரைக்கும் கறிக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனுஷன். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த பிரியத்தை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன், படித்துக்கொள்ளட்டும்.

மேஜையைச் சுற்றிப் பழைய ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டோம். உள்ளே அவருடைய பழைய வேட்டி. வானம் இருட்டினால் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை முழு வேகத்தில் சுற்றவிட்டு, நான் மேஜைக்கு வெளியே தரையில் உட்காருவேன். என் வேலை ஒன்றே ஒன்றுதான், குரலைத் தாழ்த்துவது. அதுதான் இந்த வீட்டிலேயே கஷ்டமான பாடம். பால்காரரிடம் மெதுவாகப் பேசினேன். போனில் மெதுவாகப் பேசினேன். "உடம்பு சரியில்லையா?" என்று என் தங்கை பதறிப்போய்க் கேட்டாள்.

போனில் முதல் புள்ளிச் சத்தம் எங்களுக்கே கேட்கவில்லை. அது மட்டும் காதை நிமிர்த்தியது, ஈரலைத் தின்றது. மார்கழியில் மூன்று புள்ளி. தையில் ஐந்து. அங்கேதான் நான் புத்தியைக் காட்டினேன். கோயில் திருவிழா வரப்போகிறது, அதற்குள் வாக்கை முடித்துவிடலாமே என்ற அவசரத்தில், ஒரே நாளில் மூன்று புள்ளி கூட்டினேன். அது வாயிலிருந்த ஈரலைக் கீழே போட்டுவிட்டு மேஜைக்குள் போனது. இரண்டு நாள் ஈரலைத் திரும்பிப் பார்க்கவில்லை. இவர் போனை என் கையிலிருந்து வாங்கி, முதல் புள்ளிக்கு இறக்கினார். எத்தனை பிள்ளைகளிடம் "ஸ்டெப்பைத் தாவாதே" என்று மார்க் குறைத்திருப்பேன்! இப்போது என் பேப்பரில் சுழி.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். இந்தத் தடவை புள்ளியை நான் தொடுவதில்லை, இவர்தான். சித்திரை மழையில் முதல் நிஜ இடி வந்தபோது அது எங்கும் மோதவில்லை, கதவைச் சுரண்டவில்லை. நடந்து போய் மேஜைக்கு அடியில் படுத்தது. நடுக்கம் இருந்தது. ஆனால் ஜமுக்காளத்துக்கு வெளியே மூக்கை நீட்டி ஈரலை எதிர்பார்த்தது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆவணியில் ஒரு காலை, கோயில் வெடிக்கு அது தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தது. தொடர்ந்து பத்து நாள் அப்படியே. இவர் காலண்டரைப் புரட்டி, அது எங்கள் வீட்டுக்கு வந்த நாள் என்ன நட்சத்திரம் என்று பார்த்துச் சொன்னார், ஆயில்யம். "போயிட்டு வா. இதோட நான் இருக்கேன்" என்றார்.

கவுண்டரில் அதன் பேரைச் சொன்னேன், ஆயில்யம் என்றேன். அதே சின்ன வயதுக்காரர் நிமிர்ந்து பார்த்து, "ஆளு ரெடியாயோ டீச்சரே?" என்றார்.

"தெரியல" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டுக் காதில் வைத்துக்கொண்டேன். "மேஜைக்கு வெளியதான் படுத்திருக்கு. போன ஸ்பீக்கர்ல போட்டுப் பக்கத்துல வெச்சிருக்கேன்" என்று இவர் கிசுகிசுத்தார். மைக்கில் அதன் பேரும் ஆயில்யமும் வந்தன. தெருவே கேட்டிருக்கும். பிறகு வெடி. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். போனில் ஒரு சத்தமும் இல்லை.

"என்னாச்சு? சொல்லுங்களேன்!"

"ஒண்ணும் ஆகல. காத ஆட்டிச்சு. என்னப் பாத்துச்சு. ஈரல் கேக்குது."

அவ்வளவுதான். பத்து மாசம் கட்டி வைத்திருந்த என் குரல் அறுத்துக்கொண்டு போய்விட்டது. கோயில் வாசலில் நின்று, "என் தங்கமே!" என்று ஒரு கத்துக் கத்தினேன். தொழுதுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அப்புறம்தான் ஸ்பீக்கர் ஞாபகம் வந்தது. பாவி, என்ன காரியம் செய்தேன்!

"எந்திரிச்சு ஓடிருச்சு" என்றார் இவர். "கேட்டுக்கு."

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். தெரு திரும்பியதும் கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே அந்த மடிந்த காது தெரிந்தது. உடம்பு நடுங்கவில்லை. வால் இரண்டு பக்கத்துக் கம்பியிலும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தது. இவர் சாவியோடு பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"வெளிய ஓடப் பாக்கல" என்றார். "ஒன் சத்தம் கேட்டதும் ஒன்னத் தேடி வந்துருச்சு."