நான் வகுப்பெடுத்த ஐரோப்பா

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியில் வேலை செய்கிறவன் முதலில் மறக்கவேண்டியது "தெரியாது" என்ற சொல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மட்டக்களப்பு டவுணில் அப்படியொரு ஏஜென்சியில் இருந்தேன். புறப்படப்போகிறவர்களைப் புதன்கிழமைகளில் உட்காரவைத்து ஐரோப்பாவைப் பற்றி ஒரு மணித்தியாலம் பாடமெடுப்பது என் வேலை. நான் கண்ட தூரதேசம் கொழும்பு மட்டும். முதலாளி சொல்லிவிட்டார் என்பதற்காகத் தெரியாததைத் தெரிந்தமாதிரிச் சொல்லிப் பிழைத்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். என் பாடு உங்களுக்கு விளங்கும்.

பழைய படம்

என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் ஒரு பள்ளிக்கூட அட்லஸ். அதில் ஜெர்மனி இன்னும் இரண்டாக இருந்தது, சோவியத் யூனியன் முழுசாக இருந்தது. நானும் கம்பால் தட்டித்தட்டி, "இங்கே பிளேனால் இறங்குவீர்கள், இங்கேயிருந்து லொறி, இதுதான் எல்லை" என்று வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த செங்கலடி மெக்கானிக் ஒருவர் கையைத் தூக்கினார். றேடியோச் செய்தியை ஒன்றும் விடாமல் கேட்கிற ஆள் போல.

"சேர், நீங்க தட்டுற நாடு உடைஞ்சு துண்டுதுண்டாப் போய் ரெண்டு வருஷமாகுது. நாங்க எந்தத் துண்டில இறங்குற?"

எல்லையில் நடந்துகொள்வது எப்படி

பழுகாமத்திலிருந்து தவராசா என்று ஒருவர் வந்தார். விளைச்சல் காலத்தில் வயல்வட்டையில் வேளாண்மை, மற்ற நாளில் வாவியில் வலைவீச்சு. ஆமியின் சுற்றிவளைப்பில் இரண்டு தரம் பிடிபட்டவர். இரண்டாம் தரம் ஒரு காது கேட்காமல்தான் வீடு வந்து சேர்ந்தார். மூன்றாம் தரம் பிடித்தால் ஆள் திரும்பாது என்று பெண்சாதி பூமணி முடிவுகட்டிவிட்டா. போகிறது அவர் மட்டும். ஆனால் வகுப்புக்கு இருவருமே வந்து முன்வரிசையில் இருப்பார்கள். அவருக்குக் கேட்காததை அவ கேட்டுக்கொள்வா.

அன்றைக்கு எல்லைப் பாடம். வரிசையில் நில்லுங்கள், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள், சிரிக்காதீர்கள், பையைத் திறக்கச் சொன்னால் முறைக்காதீர்கள் என்று பெரிய இரகசியம் போலக் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். தவராசா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இவ்வளவுதானா சேர்? பழுகாமத்தால துறையில ஆமிச் சென்றியைக் கடந்து டவுணுக்கு வாறதுக்கு நாங்க கிழமைக்குக் கிழமை இதத்தானே செய்றம்."

ஏறாவூர்ச் சுவெட்டர்

குளிர் என்பதுதான் என் பாடத்தில் பெரிய அத்தியாயம். இரண்டு சோடி காலுறை, காதை மூடத் தொப்பி, கையுறை, உள்ளுக்கு ஒன்று வெளியில் ஒன்றாகச் சுவெட்டர். பழைய குளிருடுப்புகளை ஏறாவூரிலிருந்து ஒரு முஸ்லிம் வியாபாரி, எங்களுக்கு நானா, மூட்டையாகக் கொண்டுவருவார்.

அது சித்திரை வெயில். பூமணி புருஷனை நிற்கவைத்து இரண்டு சுவெட்டர், மேலே ஒரு கோட், தொப்பி எல்லாம் மாட்டிக் கழுத்துப் பட்டன்வரை பூட்டிவிட்டா. அவருக்கு வியர்வை மூக்கால் வடிகிறது. "கழட்டாதீங்க, காத்து எங்கையாவது உள்ளுக்குப் போகுதா பாப்பம்" என்று சுற்றிச்சுற்றித் தடவிப் பார்க்கிறா. நானாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"போதும் தங்கச்சி, கழட்டி விடுங்க. ஐரோப்பா போக முதல் மனுசன் இங்கேயே அவிஞ்சு போயிருவார்."

முன்வரிசை

தவராசா போனார். ஆவணியில் மொஸ்கோவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. பூமணி மட்டும் புதன்கிழமை தவறாமல் துறை கடந்து வந்து அதே இடத்தில் உட்காருவா. புதிதாக வந்தவர்கள் அவவும் பயணக்காரி என்று நினைத்தார்கள். நான் கம்பைப் பிழையான இடத்தில் வைத்தால், "அது இல்ல சேர், மற்றப் பக்கம்" என்பா.

எனக்கு அவவைப் பார்க்கவே பயம் பிடித்துவிட்டது. ஒருநாள் எரிந்து விழுந்தேன். "பூமணி, உங்களுக்கு இந்தப் பாடம் எதுக்கு? வீட்டில இருங்களேன்." அவ கோபிக்கவில்லை.

"கடைசிக் கடிதம் போட்ட ஊர் தெரியும் சேர். அதுக்கு அங்கால அவர் எந்தெந்த ஊரால போகவேணும் எண்டு பாத்து வைக்கிறன்."

ஆறு

மாசியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. தவராசாவோடு போன இன்னொருவர் எழுதியிருந்தார், பூமணிக்குச் சொல்லிவிடச் சொல்லி. போலந்துக்கும் ஜெர்மனிக்கும் நடுவே ஓர் ஆற்றங்கரையில் ஏழுபேர் படகுக்காகப் பற்றைக்குள் இரண்டு நாள் ஒளிந்திருந்தார்களாம். பனி கொட்டியதாம். விடியற்புறம் தவராசா எழும்பி, தானாகவே நடந்து போய் ஆற்றுக்குள் கழுத்தளவில் இறங்கினாராம். சத்தம் போட்டுக் கூப்பிடவும் வழியில்லை. ஆள் திரும்ப ஏறவில்லை. ஏன் அப்படிச் செய்தார் என்று யாருக்கும் விளங்கவில்லை, மூளை கலங்கிவிட்டதாக்கும் என்று எழுதியிருந்தார்.

வாசித்துக் காட்டிவிட்டு நான்தான் முதலில் அழுதேன். தொப்பி சொன்னேனே, கையுறை சொன்னேனே, குளிரைப் பற்றி ஒன்றையும் விடவில்லையே என்று புலம்பினேன். பூமணி கடிதத்தை வாங்கி மடித்தா.

"அவருக்கு மூளை கலங்கல்ல சேர். மார்கழி மழைக்க தோணியில நிண்டா உடம்பு விறைக்கும். வாவித் தண்ணிக்குள்ள கழுத்தளவில இறங்கி நிண்டாத்தான் சூடு. குளிருக்கு அவருக்குத் தெரிஞ்சது அதுதானே. அங்கத்தத் தண்ணி அப்பிடியில்ல எண்டு நீங்க ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

அடுத்த புதன்கிழமையிலிருந்து அந்த ஒரு சொல்லையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டேன். ஒரு முழுக் கண்டத்தைப் பற்றி நான் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது அது ஒன்றுதான்.