பிள்ளையார் நோன்பன்று என் கணவர் சொன்ன சொல்

ஐப்பசியில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்த என் கணவர் அப்படியே சரிந்து விழுந்தார். மூளையில் ரத்தக் கட்டு. மதுரையில் பதினெட்டு நாள் வைத்திருந்து காரைக்குடி வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வலது கையும் காலும் விளங்கவில்லை. மூக்கில் குழாய். அவர் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். அவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல்.

"இல்ல."

"பசிக்குதா?" என்றால் "இல்ல." "வலிக்குதா?" என்றால் "இல்ல." ஒருநாள் அவர் முகத்தைப் பிடித்துத் திருப்பி, "நான் யாருன்னு தெரியுதா உங்களுக்கு? சொல்லுங்க" என்றேன். என்னையே பார்த்தார். கண் நிறைந்தது. "இல்ல" என்றார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண், "அக்கா, அவுக வேணும்னு சொல்லல. சொல்ல நினைக்கிறது ஒண்ணு, வாயில வாரது ஒண்ணு" என்று விளக்கினாள். புத்திக்குப் புரிந்தது. மனசுக்குப் புரியவில்லை.

அதைவிடக் கொடுமை சாயங்காலம். வெளிச்சம் குறையக் குறைய அவருக்குப் பதற்றம் கூடும். இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்து உலுக்குவார், அழுவார். கார்த்திகை மழைக்காலம், நாலு மணிக்கே வீடு மங்கிவிடும். மூன்று மணியிலிருந்தே நான் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவேன். எங்கள் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். பத்து நாள் உடனிருந்துவிட்டுப் போயிருந்தாள். பிறகு நானும் அவரும்தான்.

மறைக்காமல் சொல்கிறேன். நாளை இரண்டு பேருமே கண் விழிக்காமல் போய்விட்டால் நல்லது என்று நினைத்த நாள் உண்டு. சாமி அறையில் விளக்கேற்றுவதை நிறுத்தினேன். விளக்கேற்றினால் இருட்டு வந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டது போல இருந்தது. கடைசியாக ஒருநாள் பிள்ளையார் முன்னால் நின்று கோபமாகத்தான் பேசினேன். "அவுகளைப் பழையபடி ஆக்குன்னு கேக்கல. 'இல்ல'ங்கிறத விட்டு இன்னொரு சொல்லக் குடு. குடுக்க முடியாதுன்னா என்னைய விளக்கேத்தக் கூப்பிடாத." அதுதான் என் பிரார்த்தனை. அதில் பக்தி இருந்ததா என்று எனக்கே தெரியாது.

மார்கழி பிறந்தது. குழாயை எடுத்துவிட்டார்கள். கெட்டியான கூழை மட்டும் கரண்டியால் கொடுக்கலாம் என்றார் டாக்டர். அந்த வாரத்தில் அரியக்குடியிலிருந்து என் நாத்தனார் உமையாள் ஆச்சி வந்தார்கள். என் கணவருக்கு மூத்தவர், தனியாக இருப்பவர்.

"நாளைக்கு நோன்பு. மாவு இடிச்சாச்சா வள்ளி?" என்றார்கள்.

எங்கள் நகரத்தார் வீடுகளில் திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாள், புது வேட்டியிலிருந்து தினம் ஒரு நூல் இழை எடுத்து வைப்போம். நோன்பன்று அந்த இழைகளைத் திரியாக்கி, வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த மாவில் வைத்து ஏற்றுவோம். வீட்டுக்கு மூத்த ஆண் எடுத்துக் கொடுக்க, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம்.

"நான் ஒரு நாள்கூட இழை எடுக்கல ஆச்சி. இந்த வருஷம் நமக்கு நோன்பு இல்ல."

அவர்கள் பையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார்கள். "ஒனக்கும் தம்பிக்கும் சேத்து இருபத்தோரு நாளும் நான் எடுத்து வச்சிருக்கேன். ஒன்னால முடியாதுன்னு எனக்குத் தெரியாதா?"

அவருக்குக் கட்ட நல்ல வேட்டி தேடும் சாக்கில் உள்ளே போய் பீரோவைத் திறந்தேன். வேட்டிகளுக்கு அடியில் அவருடைய பழைய நோட்டு ஒன்று இருந்தது. ஏதோ ஒரு வருஷம் மாணவர்களோடு மொட்டை மாடியில் நின்று சூரியன் மறையும் நேரத்தைத் தினமும் குறித்திருக்கிறார். கார்த்திகை முதல் வாரம் ஐந்து ஐம்பது. மார்கழி முதல் வாரம் ஐந்து ஐம்பத்தெட்டு. அடியில் அவர் கையெழுத்தில்: "வருஷத்தின் மிகக் குறுகிய பகல் மார்கழியில். ஆனால் சாயங்கால இருட்டு அதற்கு ஒரு மாதம் முன்பே பின்வாங்கத் தொடங்கிவிடுகிறது. காலையில் விடிவது தாமதமாவதால் நமக்குத் தெரிவதில்லை."

காலண்டரைப் பார்த்தேன். டிசம்பர் இருபத்தொன்று. அந்த மிகக் குறுகிய பகல் அன்றைக்குத்தான். இருட்டு என்னை நெருக்கிக்கொண்டு வருகிறது என்று நான் அழுத நாட்களிலெல்லாம் அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டிருந்தது. அதே நாட்களில் அரியக்குடியில் ஒருவர் எனக்காக இழை எடுத்துக்கொண்டிருந்தார். பீரோ முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் சாயங்காலம் கோலமிட்டு, ஆவாரம்பூ வைத்து, பணியாரம் சுட்டோம். அவரைச் சக்கர நாற்காலியில் சாமி அறைக்குத் தள்ளி வந்தோம். வழக்கம்போலப் பதறத் தொடங்கியிருந்தார்.

"எடுத்துக் குடுக்க முடியுமா ஆச்சி இவுகளால?"

"இடது கை இருக்குல்ல? குடுப்பான்."

ஆச்சி சங்கு ஊதினார்கள். திரியை ஏற்றினேன். அவர் சுடரைப் பார்த்தார். பதற்றம் மெல்ல அடங்கியது. ஆச்சி அடியில் தாங்கிக்கொள்ள, இடது கையால் மாவை எடுத்தார். சுடர் ஆடியது. விழுந்துவிடுமோ என்று நான் இரண்டு கையையும் ஏந்தினேன்.

"இந்தா" என்றார்.

தெளிவாகச் சொன்னார். ஒவ்வொரு நோன்புக்கும் என்னிடம் சொல்லும் அதே சொல், அதே குரல்.

நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "வாங்கிக்க வள்ளி, அணைஞ்சிரப் போகுது" என்றார்கள் ஆச்சி. சுடரோடு வாயில் போட்டுக்கொண்டேன். அவருக்குத் திரியில்லாத மாவை நெய்யில் குழைத்து நாக்கில் தடவினேன். விழுங்கினார். மறுபடியும் "இந்தா" என்று வெறுங்கையை என்னிடம் நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.

பழகிய காரியத்தோடு பழகிய சொல் வருவது உண்டு என்று பயிற்சிப் பெண் பின்னால் சொன்னாள். இருக்கட்டும். நான் கேட்டது ஒரு சொல். கேட்டபடி கிடைத்தது.

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஊன்றுகோலோடு வாசல் வரை நடக்கிறார். சின்னச் சின்ன வாக்கியம் பேசுகிறார். வலது கை இன்னும் வரவில்லை, வராமலும் போகலாம். இப்போது நான் வாரம் இரண்டு நாள், இதே நோய் கண்ட வீடுகளுக்குப் போய் அந்த வீட்டுப் பெண்களோடு சாயங்காலம் உட்கார்ந்திருக்கிறேன். அறிவுரை சொல்வதில்லை. ஒரு மணி நேரம் அவர்களைத் தூங்கச் சொல்லிவிட்டு நோயாளியைப் பார்த்துக்கொள்கிறேன்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் யாராவது படுத்திருக்கலாம். அழகாகக் கும்பிடத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். கோபம் இருந்தால் கோபத்தோடு கேளுங்கள். நாம் வாய் திறப்பதற்கு முன்பே எங்கோ உதவி தொடங்கியிருக்கும். நான் அதைக் கண்டேன், அதனால் எழுதுகிறேன்.